கட்டை விரலுக்கு ஒரு கட்டை

கேள்வி: ஐயா, எனக்கு 22 வயது. எங்கள் ஊர் கபடி அணியில் லெஃப்ட் கார்னர் ஆடுகிறேன். பாடி வரும் ரைடரின் கணுக்காலைப் பிடித்துவிடுகிறேன். ஆனால் அவர் ஓர் உதறு உதறினால் என் கட்டை விரல் திறந்துகொள்கிறது. ஸ்பிரிங் கிரிப்பர் வாங்கி ஆறு மாதம் அழுத்தியும் மாற்றம் தெரியவில்லை. கட்டை விரலுக்கென்றே பின்ச் கிரிப், அதாவது கிள்ளுப் பிடிப் பயிற்சி இருக்கிறது என்று நண்பன் சொன்னான். அதற்கான கருவிகளின் விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. அப்பா தச்சு வேலை செய்கிறார். வீட்டில் 5 கிலோ இரும்புத் தட்டு இரண்டு கிடக்கிறது. கருவியை நாங்களே செய்துகொள்ளலாமா? பொங்கல் போட்டிக்கு மூன்று மாதம் இருக்கிறது. போன மாதம் ஆட்டத்தில் இடது கட்டை விரல் பின்னால் மடங்கியது, இன்னும் லேசாக வலிக்கிறது.

– ஒரு வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. அதை முடித்துவிட்டுக் கருவிக்கு வருவோம்.

கட்டை விரல் உள்ளங்கையோடு சேரும் மூட்டில், ஆட்காட்டி விரலைப் பார்த்த பக்கம், மூட்டைக் கட்டிவைத்திருக்கும் நார் ஒன்று உண்டு. விரல் பின்னாலோ வெளிப்பக்கமோ மடங்கினால் அடிபடுவது பெரும்பாலும் அதுதான். லேசான இழுப்பு என்றால் சில வாரங்களில் ஆறிவிடும். முழுதாக அறுந்திருந்தால், சிலருக்கு அறுந்த முனை விலகிப்போய்த் தானாக ஒட்டவே ஒட்டாது, அறுவை சிகிச்சை தேவைப்படும். சாவியைப் பூட்டில் திருப்பும்போது அந்த இடத்தில் சுருக்கென்று வலிக்கிறதா? வலது விரலைவிட இடது விரல் தொளதொளவென்று இருக்கிறதா? ஒரு மாதம் ஆகியும் வலி போகவில்லை என்பதாலேயே எலும்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். கடலூர் அரசு மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது. பெரிய சந்தேகம் என்றால் புதுச்சேரி ஜிப்மர் ஒரு பஸ் தூரம். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை இடது கையால் எதையும் கிள்ளித் தூக்க வேண்டாம். வலது கையோடு தொடங்குங்கள்.

அடுத்து கிரிப்பர். நீங்கள் ஆறு மாதம் சோம்பேறித்தனம் பண்ணவில்லை, தம்பி. நான்கு விரல்களும் உள்ளங்கையை நோக்கி மடங்கும் வேலையைத்தான் கிரிப்பர் கொடுக்கிறது. கட்டை விரல் ஒரு பக்கக் கைப்பிடிக்கு முட்டுக்கொடுத்துச் சும்மா நிற்கிறது. இப்போது கட்டை விரலை ஆட்காட்டி விரலின் பக்கவாட்டில் ஒட்டவைத்து அழுத்திப் பாருங்கள். புறங்கையில் இரண்டுக்கும் நடுவே ஒரு மேடு எழும்பும். அந்தத் தசையும், அதற்கு அடியில் உள்ளங்கைப் பக்கமாக விசிறிபோல் விரிந்திருக்கும் இன்னொரு தசையும், முன்கையிலிருந்து கட்டை விரல் நுனிவரை ஓடும் நீளமான தசைநாரும் சேர்ந்தால்தான் கிள்ளுப் பிடி. துறைமுகத்தில் வலை இழுப்பவர்களின் கை இரும்பு மாதிரி இருக்கும், ஆனால் கயிற்றை அவர்கள் மொத்தக் கையால் சுற்றிப் பிடிக்கிறார்கள். ஒரே கையில் இரண்டு செங்கல்லைச் சேர்த்துக் கிள்ளித் தூக்கிக்கொண்டு சாரம் ஏறுகிற சித்தாளுக்குத்தான் நீங்கள் கேட்கிற பிடி இருக்கிறது.

வீட்டில் செய்த கருவி மட்டமானது என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். உலகம் முழுக்கக் கைப்பிடி பலத்தை வளர்க்கும் வீரர்கள் மரியாதையாகப் பேசும் ‘பிளாப்’ என்பது, அமெரிக்காவின் யார்க் கம்பெனி வார்த்த பழைய 100 பவுண்டு டம்பெல்லின் ஒரு பாதி. தலைப்பக்கம் மட்டும் தனியாக வந்த 22, 23 கிலோ இரும்புத் துண்டு, அவ்வளவுதான். ரிச்சர்ட் சோரின் என்பவர் அதை ஒரு கையால் கிள்ளித் தூக்கிப் பிரபலமாக்கினார். ஜப்பானின் ஒகினாவா தீவுக் கராத்தேக்காரர்கள் மண் ஜாடியின் விளிம்பைப் பற்றித் தூக்கி நடந்தே விரலை வளர்த்தார்கள்.

உங்கள் கருவிக்கு வருவோம், அது கிள்ளித் தூக்க ஒரு மரக்கட்டை. அப்பாவிடம் 18 மில்லி பிளைவுட்டின் வெட்டுத் துண்டு மூன்று கேளுங்கள். ஒவ்வொன்றும் 8 அங்குல நீளம், 5 அங்குல உயரம். மூன்றையும் அடுக்கினால் 54 மில்லி, கிட்டத்தட்ட இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல். பலருடைய கைக்கு நன்றாக அமைகிற அகலம் அதை ஒட்டியே இருக்கிறது. ஒட்டாதீர்கள். கீழ் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உயரத்தில் இரண்டு ஓரத்திலும் துளை போட்டு போல்ட், நட்டு, வாஷர் வைத்து இறுக்குங்கள். அப்போதுதான் ஒரு துண்டை எடுத்துவிட்டு 12 மில்லி போட்டு 48 ஆக்கலாம், அல்லது மூன்று 18-ஓடு ஒரு 12 சேர்த்து 66 ஆக்கலாம். முதல் வாரம் இந்த மூன்று அகலத்தையும் தூக்கிப் பார்த்து, எதில் கை அதிகம் தாங்குகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் இரண்டு மாதத்துக்கு அகலத்தை மாற்ற வேண்டாம்.

கீழ் விளிம்பை ஒட்டி நடுவில், போல்ட் துளை போலவே மூன்று துண்டையும் ஊடுருவ ஒரு துளை போட்டு, படகுக்காரர்கள் பயன்படுத்தும் நைலான் கயிற்றை நுழைத்து வளையமாக முடிந்துவிடுங்கள். கடற்கரைக் காற்றில் சங்கிலி சீக்கிரம் துருப்பிடித்துவிடும், கயிறு நிற்கும். சிலர் அடியில் கொக்கியைத் திருகிவிடுவார்கள். பிளைவுட்டின் ஓரத்தில் திருகினால் எடை ஏற ஏற மரை பிய்த்துக்கொண்டு வந்துவிடும், காலில் விழும். அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

மேற்பரப்பில்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று வார்னிஷ் அடிப்பது, சன்மைக்கா ஒட்டுவது இரண்டும் வேண்டாம். 80 நம்பர் உப்புத்தாளால் முனைகளை லேசாக உருட்டி, 120 போட்டுத் தேய்த்து அப்படியே விட்டுவிடுங்கள். என்னிடம் இருப்பது பலாக்கட்டை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கம் விழுந்த மரம் ஒன்றிலிருந்து தச்சர் ஒருவர் அறுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அதற்கு எண்ணெயோ பெயின்டோ காட்டியதில்லை. விரல் படும் இடம் மட்டும் கறுத்திருக்கிறது, பிடி மாறவில்லை.

எடைக்கு, அந்தக் கயிற்று வளையத்தில் ஒரு பெயின்ட் வாளியை மாட்டினால் போதும். அடியில் உங்கள் 5 கிலோ தட்டு ஒன்று, மேலே தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில்கள். ஒரு பாட்டில் ஒரு கிலோ, அரை லிட்டர் பாட்டில் அரைக் கிலோ என்று எண்ணிவிடலாம். காலி வாளியை மட்டும் மளிகைக் கடைத் தராசில் ஒருமுறை நிறுத்துக்கொள்ளுங்கள். மணலை விட இது நல்லது. ஈரமானால் மணலின் எடை மாறிவிடும், மழைக்காலத்தில் கடலூரில் எது ஈரமாகாமல் இருக்கிறது?

அந்த இரண்டு தட்டையும் நேராகவே கிள்ளித் தூக்கலாமே என்று தோன்றும். தூக்கலாம். வழவழப்பான பக்கம் வெளியே தெரியும்படி இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பள்ளமும் விளிம்பும் உள்ள பக்கம் வெளியே இருந்தால் விரல் விளிம்பில் கொக்கி போட்டுக்கொள்ளும், கட்டை விரலுக்கு வேலை குறையும். பிறகு பத்திலிருந்து அடுத்த படிக்குப் போக வேண்டுமானால் நடு ஓட்டையில் ஜிஐ பைப் துண்டு ஒன்றை நுழைத்து, இரு பக்கமும் சின்னத் தட்டு மாட்டி, நழுவாமல் கிளாம்ப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் இரண்டு கையாலும் தூக்கும்போதுதான் அது ஆடாமல் நிற்கும். உங்களுக்கு ஒற்றைக் கை தேவை என்பதால் கட்டையும் வாளியுமே என் முதல் தேர்வு.

தூக்கும் விதம்: கட்டையை மேலிருந்து பற்றுங்கள். நான்கு விரலும் ஒரு பக்கம் நேராக, கட்டை விரலின் சதைப்பகுதி மறுபக்கம் முழுதாகப் படிந்து. விரல் நுனியை மடக்கிச் சுரண்டக் கூடாது. வாளி தரையிலிருந்து அரையடி எழும்பினால் போதும். மூச்சை அடக்காமல் 12 விநாடி. நழுவப்போகிறது என்று தெரிந்ததும் நீங்களாகவே இறக்கிவிடுங்கள். அடியில் பழைய சாக்கு மடித்துப் போட்டிருக்கட்டும், பாதம் வாளிக்கு வெளியே இருக்கட்டும். இப்படி ஐந்து முறை, நடுவில் இரண்டு நிமிடம் ஓய்வு. ஐந்தும் அசையாமல் நின்றால் அடுத்த முறை அரை லிட்டர் பாட்டில் ஒன்று சேருங்கள். ஒரு கிலோ சேர்க்கத் தோன்றும், வேண்டாம். நான்காவது வாரம் எடையைக் குறைத்து, மூன்று முறையோடு நிறுத்துங்கள்.

வாரத்தில் இரண்டே நாள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் வயதில் நான் ஒரு ஜிம்மில் தினமும் தட்டைக் கிள்ளித் தூக்கினேன். ஐந்தாவது வாரம் மணிக்கட்டில் கட்டை விரல் பக்கம் வலி பிடித்தது. மூன்று மாதம் வீட்டுக் கதவைத் திறக்க இடது கையால்தான் சாவி போட்டேன். தசை சில வாரங்களிலேயே பலம் ஏறிவிடும், அதை எலும்போடு கட்டும் நார் மெதுவாகத்தான் தேறும். அந்த இடைவெளியில்தான் இப்படி மாட்டிக்கொள்கிறோம். கட்டை விரலை உள்ளே வைத்து முஷ்டி மடக்கி, மணிக்கட்டைச் சுண்டு விரல் பக்கமாகச் சாய்க்கும்போது அந்த இடத்தில் கடுமையாக வலித்தால் பயிற்சியை அன்றே நிறுத்துங்கள். கட்டை, ஆட்காட்டி, நடு விரல்கள் இரவில் மரத்துப்போனாலும் அப்படித்தான், மருத்துவரிடம் போய்விடுங்கள். ஒவ்வொரு முறையும் முடித்தபின் ஐந்து விரல் நுனியிலும் ஒரு ரப்பர் பேண்டை மாட்டி இருபது தடவை விரித்து மூடுங்கள். மடக்கும் தசைக்கே வேலை கொடுத்துக்கொண்டிருந்தால் விரிக்கும் தசை பின்தங்கிவிடும்.

வியர்வை நம் ஊரில் பெரிய விஷயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் புழுக்கம் ஏறினால் போன வாரம் நின்ற எடை இந்த வாரம் வழுக்கும். பலம் போய்விட்டது என்று பயப்படாதீர்கள், நோட்டில் எடைக்குப் பக்கத்தில் ‘மழை’ என்று எழுதிவையுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுத் தூக்குங்கள். ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்கள் பூசும் வெள்ளைப் பொடி மெக்னீசியம் கார்பனேட், கிடைத்தால் ஒரு கட்டி வாங்கலாம். பையன்கள் அதற்குப் பதிலாக முகப் பவுடரோ கேரம் பவுடரோ பூசுவதைப் பார்த்திருக்கிறேன். கேரம் போர்டில் காய் வழுக்கி ஓடுவதற்காகப் போடுவதல்லவா அது!

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கணுக்காலைச் சுற்றிப் பிடிப்பதில் நான்கு விரலுக்கும் உள்ளங்கைக்கும்தான் பெரிய பங்கு. கட்டை விரல் அந்தப் பிடிக்குப் பூட்டு. உங்கள் பூட்டு திறந்துகொள்கிறது என்று நீங்களே கவனித்திருப்பதால்தான் இந்தப் பயிற்சியைச் சொல்கிறேன். ரைடரின் கால் தரையில் ஊன்றும் நொடியில் பாயாமல், அவர் காலை இழுத்தபிறகு பாய்ந்தால் எந்தக் கட்டை விரலும் தாங்காது. அணியில் ஒருவரை நிற்கவைத்து, அரை வேகத்தில் உதறச் சொல்லி, வாரம் இரண்டு நாள் பிடித்துப் பழகுங்கள். அந்த நாளும் கட்டை தூக்கும் நாளும் ஒன்றாக வேண்டாம்.

மூன்று மாதத்தில் என்ன கிடைக்கும் என்று கிலோ கணக்கில் சொல்ல மாட்டேன், கைக்குக் கை மாறும். முதல் நாள் ஐந்து முறையும் நின்ற எடையை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள், தை பிறக்கும்போது நீங்களே பார்ப்பீர்கள். போட்டிக்கு ஐந்து நாள் முன்னால் கட்டையையும் வாளியையும் மூலையில் வைத்துவிட்டு, ரப்பர் பேண்ட் மட்டும் செய்யுங்கள். இடது கைக்கு மருத்துவர் அனுமதி கொடுத்திருந்தாலும் களத்தில் இறங்கும் முன் அந்தக் கட்டை விரலுக்கு டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.