இலக்கணப் பயிற்சியில் முழுப் புள்ளி, அழைப்புக்குப் பதில் எழுதச் சொன்னால் முழிக்கிறாள்: எப்படிப் பழக்குவது?

கேள்வி: தரம் 9 படிக்கும் என் மகள், ஆங்கிலத்தில் கீறிட்ட இடம் நிரப்பும் பயிற்சியெல்லாம் சரியாகச் செய்கிறாள். வகுப்புத் தோழி பிறந்தநாளுக்குக் கூப்பிட்டதற்கு இரண்டு வரி பதில் எழுத வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: திருகோணமலை உப்புவெளியில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் மகளைப் போல ஒருத்தி எந்த வருடமும் என் வகுப்பில் இருப்பாள். இலக்கணம் தெரியாமல் இல்லை. பயிற்சிப் புத்தகத்தில் வினைச்சொல்லை அடைப்புக்குள் போட்டே தந்துவிடுகிறார்கள், காலத்தை மாற்றினால் போதும். தோழிக்குப் பதில் எழுதும்போது அந்த வினைச்சொல்லையும் அவளேதான் தேட வேண்டும்.

நான் கொப்பித் தாளை இரண்டாகக் கிழித்துக் கொடுப்பேன். ஒரு பாதியில் ஒருவர் அழைப்பு எழுத வேண்டும், மறுபாதியில் அடுத்தவர் பதில். இல்ல விளையாட்டுப் போட்டி, வாணி விழா, நிலாவெளிக் கடற்கரையில் பிறந்தநாள் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயமாக இருக்கட்டும். எங்கள் ஊரில் இது வெறும் பயிற்சியும் அல்ல. ஒரே ரியூசனில் தமிழ், சிங்களப் பிள்ளைகள் சேர்ந்து இருந்தால் வட்ஸ்அப்பில் அழைப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும்.

ஒரே ஒரு நிபந்தனை: பதில் மறுப்பாக இருக்க வேண்டும். "யெஸ், ஐ வில் கம்" என்று முடித்தால் பழகுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. மறுப்பதென்றால் நன்றி சொல்ல வேண்டும், வருத்தம் தெரிவிக்க வேண்டும், காரணம் காட்ட வேண்டும், முடிந்தால் வேறு நாளும் கேட்க வேண்டும்.

கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி வரும் மாணவி ஒருத்தி இப்படி எழுதித் தந்தாள்: "ஐ ஆம் நாட் கம். சட்டர்டே ரியூசன் இஸ் தேர்." 'ரியூசன் இருக்கு' என்பதை அப்படியே இறக்கிவிட்டாள். நான் வெட்டவில்லை, கீழே எழுதிக் காட்டினேன்: "தேங்க்ஸ் ஃபோர் இன்வைட்டிங் மீ. ஐ ஆம் சொறி, ஐ கான்ட் கம். ஐ ஹாவ் ரியூசன் ஒன் சட்டர்டே. ஹவ் அபவுட் சண்டே?" வகுப்பு, பரீட்சை, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் அந்த 'ஹாவ்' போதும். பாதிச் சாட்டு அதிலேயே முடிந்துவிடும்!

அப்புறம், அழைக்கும் பக்கம். "டூ யூ லைக் டு கம்?" என்றுதான் முதலில் எழுதுவார்கள். அது பொதுவாக வருவது பிடிக்குமா என்று விசாரிப்பது. இந்த ஒரு தடவைக்குக் கூப்பிட "வுட் யூ லைக் டு கம்?" வேண்டும். இதை விளக்கிக்கொண்டு நிற்க வேண்டாம். அழைப்பு எழுதும் ஒவ்வொரு தடவையும் அந்த வரியோடு தொடங்கச் சொல்லுங்கள், நாக்கில் ஏறிவிடும்.

எதிர்காலம் என்றால் 'வில்' என்று மனப்பாடம் செய்த பிள்ளைகள்தான் இங்கே சிக்குகிறார்கள். 'நாளைக்கு அம்மம்மா வீட்டை போறன்' என்று நாமே நிகழ்காலத்தில்தானே சொல்கிறோம்? முடிவான ஏற்பாட்டுக்கு ஆங்கிலமும் அப்படித்தான்: "ஐ ஆம் கோயிங் டு மை கிராண்ட்மதர்ஸ் டுமாரோ." நேரசூசியில் உள்ளதற்குச் சாதாரண நிகழ்காலம்: "த மீட் ஸ்டார்ட்ஸ் அட் டூ." அந்த இடத்திலேயே உடனடியாக முடிவெடுத்துச் சொல்வதற்குத்தான் 'வில்': "ஓகே, ஐ வில் பிரிங் த கேக்." மணிக்கு 'அட்', கிழமைக்கு 'ஒன்', மாதத்துக்கு 'இன்' என்பதும் இந்தத் துண்டுகளில் புழங்கியே வந்துவிடும்.

அச்சடித்த முறையான அழைப்பிதழ் வேறு கதை. "நான்", "நீ" இல்லாமல் படர்க்கையில் எழுதுவார்கள், பதிலும் படர்க்கையில் போக வேண்டும். கீழே ஆர்.எஸ்.வி.பி. என்று இருந்தால் வருகிறீர்களா இல்லையா என்று அறிவிக்கும்படி கேட்கிறார்கள். நம் கலியாணக் கார்டுகளிலும் போடுகிறார்கள், அறிவிப்பவர்களைத்தான் காணோம். தரம் 9இல் இதற்கு ஒரு நாள் போதும்.

சாதாரண தரப் பரீட்சைக்குச் சிறு குறிப்பு எழுதவும் இந்தப் பழக்கம்தான் உதவும். அதற்காக இப்போதே பழைய வினாத்தாள்களைத் தூக்கி வைக்காதீர்கள், தரம் 10 முடிவில் பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு அந்தத் தோழிக்குப் பதிலை அவளே எழுதி அனுப்பட்டும். பிழை இருந்தால், அனுப்பிய பிறகு சொல்லுங்கள்.