கயிறு தாண்டினால் தொப்பை கரையுமா? கேள்விகளும் பதில்களும்

கிருஷ்ணகிரியில் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் மைதானத்துக்குப் போகாமல் இருக்க முடிவதில்லை. அங்கே இப்போது நிறையப் பேர் கையில் ஸ்கிப்பிங் கயிறு இருக்கிறது. பார்க்க மகிழ்ச்சிதான். ஆனால் பத்து நாளில் பாதிப் பேர் நொண்டிக்கொண்டு திரும்புவதைப் பார்த்து மனம் கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கேள்விகளை வாங்கிப் பதில் எழுதுகிறேன்.

காவேரிப்பட்டினத்திலிருந்து, மளிகைக் கடை வைத்திருப்பவர், வயது 38: ஐயா, என் எடை 72 கிலோ. ஒரு மாதமாகத் தினமும் 15 நிமிடம் தாண்டுகிறேன். அரைக் கிலோதான் குறைந்திருக்கிறது, தொப்பை அப்படியே இருக்கிறது. எங்கே தவறு செய்கிறேன்?

தவறே செய்யவில்லை தம்பி. கணக்கு அப்படியே வந்திருக்கிறது. உங்கள் எடைக்கு, மெதுவான வேகத்தில், நின்று மூச்சு வாங்கும் நேரத்தைக் கழித்து 15 நிமிடம் தாண்டினால் சுமார் 160 கலோரி செலவாகும். மாதத்தில் 25 நாள் தாண்டினால் 4,000 கலோரி. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி வேண்டும். ஆகவே அரைக் கிலோ.

இனி உங்கள் கல்லாவுக்கு வரும் டீயை எண்ணிப் பாருங்கள். நாளைக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 40 கிராம். அதுவே 160 கலோரி. காலையில் வியர்த்து விறுவிறுத்துச் செலவழித்ததை மாலைக்குள் குடித்துவிடுகிறீர்கள். சர்க்கரையை விட்டால் அடுத்த மாதம் இந்த அரைக் கிலோ ஒரு கிலோவாகும்.

தொப்பையை மட்டும் தனியாகக் கரைக்க எந்தப் பயிற்சியும் கிடையாது. உடல் தனக்குத் தோன்றிய இடத்திலிருந்துதான் கொழுப்பை எடுக்கும். ஆண்களுக்கு முகமும் கையும் முதலில் வற்றுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். இன்னும் மூன்று மாதம் பொறுங்கள். வேட்டி மடிப்பு சொல்லும்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு சகோதரி: இரவில் சோற்றுக்குப் பதில் களி சாப்பிட்டால் சீக்கிரம் இளைக்கலாமா?

100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 320 கலோரி, அரிசியில் 350. பெரிய வித்தியாசம் இல்லை. களியில் நார்ச்சத்து அதிகம் என்பதால் பசி தாமதமாக எடுக்கும், அது நல்லது. இரண்டு உருண்டைக்குப் பதில் ஒன்றோடு நிறுத்தி, கீரைக் கடைசலைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தருமபுரியிலிருந்து, கல்லூரி மாணவர்: பத்து நிமிட ஸ்கிப்பிங் அரை மணி நேர ஓட்டத்துக்குச் சமம் என்கிறார்களே சார்?

1968-இல் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்விலிருந்து வந்த பேச்சு அது. அங்கே அளந்தது இதயத்தின் திறன். கொழுப்பை அளக்கவில்லை. மூச்சுக்கும் இதயத்துக்கும் கயிறு குறைந்த நேரத்தில் நிறையத் தரும் என்பது உண்மை. கலோரிச் செலவு மூன்று மடங்கு என்பது தவறு.

பென்னாகரம் பக்கத்துக் கிராமம், விவசாயி, வயது 46: சின்ன வயதிலிருந்து போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். பல்லில் பழுப்புக் கறை உண்டு. காலையில் எழுந்தால் முதுகும் முழங்காலும் பிடித்துக்கொள்கின்றன. உடம்பைக் குறைத்தால் வலி போகும் என்று மகன் கயிறு வாங்கிக் கொடுத்தான். தாண்டலாமா?

இந்தக் கேள்வியை நம் மாவட்டத்துக்காரர்கள் எல்லோரும் படிக்க வேண்டும். ஐயா, தயவுசெய்து இப்போது தாண்டாதீர்கள். நம் பாறைப் பூமியின் ஆழ்துளைத் தண்ணீரில் பல ஊர்களில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதற்கு மேல் பல ஆண்டுகள் குடித்தால் பல்லில் கறை படிவதோடு நிற்காது, எலும்பிலும் சேரும். தசைநார்கள் சுண்ணாம்பு படிந்து இறுகும், கழுத்தும் முதுகும் மடங்க மறுக்கும். எலும்பு எக்ஸ்ரேயில் கெட்டியாகத் தெரிந்தாலும் எளிதில் முறியக் கூடியது. ஒவ்வொரு தாண்டலிலும் உடல் எடையைப் போல இரு மடங்குக்கும் மேலான அழுத்தம் கால் வழியே ஏறுகிறது. அதை அப்படிப்பட்ட மூட்டு தாங்காது.

உங்களுக்கு இருப்பது அதுதான் என்று நான் சொல்லவில்லை. சாதாரணத் தேய்மானமாகவும் இருக்கலாம். அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, தண்ணீர்ப் பழக்கத்தையும் சொல்லுங்கள். 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் உங்கள் ஊருக்கு வருகிறதென்றால் குடிக்கவும் சமைக்கவும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். போர்த் தண்ணீரைக் கொதிக்க வைப்பதால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். உடற்பயிற்சிக்கு வரப்பில் நடையே போதும். மகன் வாங்கிய கயிற்றை மகனே தாண்டட்டும்.

ஓசூரிலிருந்து ஒரு சகோதரி, வயது 29: குழந்தைக்கு ஏழு மாதம். கயிறு தாண்டும்போது சிறுநீர் கசிகிறது. வெட்கமாக இருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை.

சொன்னதற்கு நன்றி அம்மா. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிரசவத்துக்குப் பிறகு மிகப் பலருக்கு நேர்வது. கருப்பை, சிறுநீர்ப்பை இவற்றைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகள் இன்னும் முழு வலுவை அடையவில்லை என்று உடல் சொல்கிறது. குதிப்பதை இப்போதே நிறுத்துங்கள். சிறுநீரை அடக்குவது போல அந்தத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை வைத்துத் தளர்த்துங்கள். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. மூச்சை அடக்காதீர்கள். இரண்டு மூன்று மாதத்தில் குறையவில்லை என்றாலோ, கீழே ஏதோ இறங்குவது போல இருந்தாலோ மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். பிள்ளை பெற்றவர்கள் யாரும் முதல் மூன்று மாதம் கயிற்றைத் தொட வேண்டாம்.

பர்கூரிலிருந்து: வீட்டு மாடியில் கிரானைட் தரை. இரண்டாவது வாரமே கால் முன் எலும்பின் உள்பக்கம் நெடுக வலி. வெறும் காலில் ஒரு நாளைக்கு 1,000 தாண்டுகிறேன்.

மூன்று தவறு சேர்ந்திருக்கிறது: கல் தரை, வெறும் கால், ஆயிரம். வலி அடங்கும் வரை, குறைந்தது இரண்டு வாரம், ஓய்வு. ஒரே புள்ளியில் விரல் வைத்தால் சுருக்கென்றால் எலும்பில் கீறல் இருக்கலாம், மருத்துவரிடம் போங்கள். மீண்டும் தொடங்கும்போது கெட்டித்த மண் தரை, ஷூ, ஒரு நாள் விட்டு ஒரு நாள். 20 வினாடி தாண்டி 40 வினாடி நில்லுங்கள், பத்து சுற்று. முதல் வாரம் அவ்வளவுதான். தரையை விட்டு ஓர் அங்குலம் எழும்பினால் போதும். முன்பாதத்தில் இறங்கி, முழங்காலைச் சற்றே மடக்க வேண்டும். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க, மணிக்கட்டு மட்டும் சுழலட்டும். நன்றாகத் தாண்டுபவரின் காலடிச் சத்தம் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. மைதானத்தில் கண்ணை மூடிக்கொண்டே யார் தேறியவர் என்று நான் சொல்லிவிடுவேன்.

அரூரிலிருந்து, காவலர் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்: அண்ணா, 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். ஸ்கிப்பிங் மட்டும் செய்தால் போதுமா? உயரமும் கூடுமா?

போதாது தம்பி. கெண்டைக்காலும் மூச்சும் உறுதிப்படும், ஆனால் ஓட்டம் ஓடித்தான் வரும். வாரம் நான்கு நாள் ஓட்டம், இரண்டு நாள் கயிறு என்று வைத்துக்கொள். வளர்ச்சி நின்ற எலும்பை எந்தக் கயிறும் நீட்டாது. உயரம் ஏறும் என்று பணம் கேட்பவனிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே.

ஊத்தங்கரையிலிருந்து: எனக்குச் சர்க்கரை நோய். பாதம் மரத்த மாதிரி இருக்கிறது.

மரத்த பாதத்தோடு தாண்டவே கூடாது. புண் வந்தாலும் தெரியாது.

ராயக்கோட்டையிலிருந்து, பள்ளி மாணவி: தாத்தா, வீட்டில் தேங்காய் நார்க் கயிறுதான் இருக்கிறது. அதில் தாண்டலாமா?

நார்க் கயிறு உள்ளங்கையை அறுக்கும், சுழலும்போது தொய்ந்து காலில் சிக்கும் கண்ணு. விரல் பருமனுள்ள நூல் கயிறு கிடைத்தால் போதும். நடுவில் ஒரு காலால் மிதித்து இரு முனையையும் மேலே இழு. அக்குளை எட்டினால் அதுதான் உன் அளவு. மீதியை வெட்டாதே, முனையில் முடிச்சுப் போட்டு வை. நீ வளர வளர அவிழ்த்துக்கொள்ளலாம்.