நியூஸ்குரூப்புகளின் பழைய செய்திகள் சர்வரில் எத்தனை காலம் இருக்கும்?

கேள்வி: யூஸ்நெட் நியூஸ்குரூப்புகளில் வந்த பழைய செய்திகளை நியூஸ் சர்வர்கள் எத்தனை காலம் வைத்திருக்கும்? 1990களில் எழுதியவை இன்று கிடைக்குமா?

யூஸ்நெட் என்பது பல கணினிகள் செய்திகளைத் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் பழைய உரையாடல் வலையமைப்பு. அதில் தலைப்புவாரியாக இருக்கும் குழுக்கள்தான் நியூஸ்குரூப்புகள். அவற்றின் செய்திகளை வைத்திருந்து தரும் கணினிகள் நியூஸ் சர்வர்கள். முதலில் நேரடியான பதில். எல்லா சர்வருக்கும் பொதுவான கெடு என்று ஒன்று கிடையாது. எழுத்துச் செய்திகளை மட்டும் தரும் இலவச சர்வர்களில் சில மாதங்கள் முதல் சில ஆண்டுகள் வரை பின்னால் போகலாம். கட்டணம் வாங்கும் பெரிய நிறுவனங்கள், கோப்புகள் வரும் குழுக்களைக்கூட 2008ஆம் ஆண்டிலிருந்து கழிக்காமல் வைத்திருப்பதாக விளம்பரம் செய்கின்றன. அந்தக் கணக்கு 6,000 நாட்களைத் தாண்டிவிட்டது. 1990களில் எழுதியவற்றை நியூஸ் சர்வரில் தேடுவது பெரும்பாலும் வீண் வேலை. அவற்றை ஆவணத் தொகுப்புகளில்தான் தேட வேண்டும். அதையும் கீழே சொல்கிறேன்.

நான் கிருஷ்ணகிரியில் வலையமைப்பு வேலையும் கேமரா பொருத்தும் வேலையும் செய்பவன். அதற்கு முன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் இருந்தேன். ஊழியர்களுக்காக அங்கே ஓடிக்கொண்டிருந்த நியூஸ் சர்வர் என் பொறுப்பில் இருந்தது. இன்றும் வீட்டில் ஒரு பழைய கணினியில் ஐஎன்என் என்ற நியூஸ் சர்வர் மென்பொருளை நிறுவி, எனக்குப் பிடித்த சில எழுத்துக் குழுக்களைச் சேர்த்து வருகிறேன்.

யூஸ்நெட்டுக்குத் தலைமையகம் கிடையாது. 1979இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் இதைத் திட்டமிட்டு, அடுத்த ஆண்டு நடைமுறைக்குக் கொண்டுவந்தபோதே அப்படித்தான். நீங்கள் ஒரு செய்தி எழுதினால் உங்கள் சர்வர் பக்கத்து சர்வரிடம், “இந்த அடையாள எண்ணுள்ள செய்தி என்னிடம் இருக்கிறது, வேண்டுமா?” என்று கேட்கும். அது வேண்டும் என்றால் அனுப்பும். ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் விட்டுவிடும். வாங்கிய சர்வர் தன் பக்கத்து சர்வர்களிடம் அதே கேள்வியைக் கேட்கும். இப்படி ஒரே செய்தி ஆயிரம் இடங்களில் ஆயிரம் பிரதிகளாக உட்கார்ந்துவிடுகிறது. தன் பிரதியை எப்போது அழிப்பது என்பதை ஒவ்வொரு சர்வரின் நிர்வாகியும் தானே முடிவு செய்கிறார். ஒரு சர்வரில் காலாவதியான செய்தி இன்னொன்றில் பத்திரமாக இருக்கலாம்.

அழிக்கும் முறை இரண்டு வகை. பழைய முறையில் நிர்வாகி ஒரு கோப்பில் விதி எழுதி வைப்பார். ஒவ்வொரு விதியிலும் மூன்று கெடு இருக்கும். நடுவில் இருப்பதுதான் சாதாரணச் செய்திக்கானது. பத்து என்று போட்டால் பத்து நாளில் செய்தி போய்விடும். முதலாவதும் மூன்றாவதும், எழுதியவரே ‘இந்தத் தேதி வரை வைத்திருங்கள்’ என்று தலைப்பில், அதாவது செய்தியின் மேலே வரும் விவர வரிகளில், குறித்த செய்திகளுக்கு. குறைந்தபட்சம் இத்தனை நாள், அதிகபட்சம் இத்தனை நாள் என்று அவை எல்லை கட்டுகின்றன. மாதந்தோறும் வரும் கேள்வி பதில் தொகுப்புகளை எழுதியவர்கள் இந்த வசதியைத்தான் பயன்படுத்தினார்கள். அடுத்த மாதத் தொகுப்பு வரும் வரை பழையது சர்வரில் நிற்கும். இந்த விதிகளைக் குழுவாரியாக எழுதலாம் என்பதால் ஒரே சர்வரில் ஒரு குழு ஒரு வாரமும் இன்னொரு குழு ஓராண்டும் நிற்பது சாதாரணம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. செய்தியை அழித்த பிறகும் அதன் அடையாள எண்ணை சர்வர் சில நாட்கள் நினைவில் வைத்திருக்கும். உடனே மறந்துவிட்டால், தாமதமாக வரும் பக்கத்து சர்வர் அதே செய்தியை மறுபடி நீட்டும். அழித்த சர்வரும் அதைப் புதிது என்று நினைத்து வாங்கிக்கொள்ளும். போன வாரம் முடிந்த சண்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இரண்டாவது முறையில் நாள் கணக்கே கிடையாது. வட்டில் ஓர் அளவு இடத்தை ஒதுக்கிவிடுவார்கள். அது நிறைந்ததும் எழுதுமுனை முதலுக்குத் திரும்பி, இருப்பதிலேயே பழையதன் மேல் புதியதை எழுதும். எங்கள் பக்கத்து மாங்கூழ் ஆலைகளில் கேமரா பதிவுப்பெட்டி வேலை செய்வது இப்படித்தான். பெங்களூரா மாங்காய் ஏற்றிய வண்டிகள் எடைமேடையில் வரிசை கட்டும் காலத்தில், “போன மாத எடைப் பதிவு இருக்குமா?” என்று ஆலைக்காரர்கள் கேட்பார்கள். எத்தனை கேமரா, எவ்வளவு பெரிய வட்டு என்று பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. புதிதாக இரண்டு கேமரா சேர்த்தாலே நாட்கள் குறைந்துவிடும். நியூஸ் சர்வரிலும் வரத்து கூடினால் ஆயுள் குறையும்.

அந்த வரத்துதான் இந்தக் கேள்வியின் மையம். மனிதர்கள் தட்டச்சு செய்யும் எழுத்து மிகச் சிறியது. சாதாரண விலையில் கிடைக்கும் ஒரு வட்டில் பல ஆண்டுகளின் எழுத்துக் குழுக்களை வைத்துக்கொள்ளலாம். இடத்தைத் தின்பவை கோப்புகளைத் துண்டு துண்டாக எழுத்தாக்கி அனுப்பும் பைனரி குழுக்கள். அவற்றையும் சேர்த்த முழு வரத்து இன்று நாளொன்றுக்கு நூறு டெராபைட்டுக்கு மேல். ஒரு டெராபைட் வட்டைக் கொண்டுபோய் அதன் கீழ் வைத்தால் கால் மணி நேரத்தில் நிறைந்துவிடும். அதனால்தான் முன்பெல்லாம் இணையச் சேவை நிறுவனங்களின் சர்வர்களில் பைனரி குழுக்கள் ஓரிரு நாளும் எழுத்துக் குழுக்கள் ஓரிரு வாரமும் நின்றன. எழுத்துக்கும் கோப்புக்கும் தனித்தனிக் கணக்கு என்பதால், ‘எத்தனை நாள்’ என்று விளம்பரத்தில் பார்த்தால் அது எதற்கான எண் என்று முதலில் கேளுங்கள். அந்த நாட்களுக்குள் வந்த எல்லாச் செய்தியும் இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். காப்புரிமைப் புகாரால் நீக்கப்பட்டவை, வழியிலேயே தவறியவை என்று இடையிடையே ஓட்டைகள் இருக்கும்.

விளம்பரத்தை நம்பாமல் நீங்களே சோதிக்கலாம். நியூஸ் சர்வரின் 119ஆம் போர்ட்டில் நேரடியாக இணைந்து, குரூப் என்ற ஆங்கிலக் கட்டளையையும் குழுவின் பெயரையும் கொடுங்கள். 211 என்று தொடங்கும் ஒரு வரி வரும். அதையடுத்து மூன்று எண்கள்: தோராயமாக எத்தனை செய்திகள், இருப்பதில் மிகச் சிறிய வரிசை எண், மிகப் பெரிய வரிசை எண். அந்தச் சிறிய எண்ணைக் கொடுத்து ஹெட் கட்டளையால் தலைப்பை மட்டும் வரவழையுங்கள். அதில் உள்ள தேதிதான் அந்தக் குழுவுக்கு அந்த சர்வர் வைத்திருக்கும் எல்லை. அந்த எண்ணுக்கு உரிய செய்தி இல்லை என்று பதில் வந்தால் அடுத்தடுத்த எண்ணைப் பாருங்கள்.

தண்டர்பேர்டு என்ற அஞ்சல், நியூஸ் வாசிப்பு மென்பொருளில் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு குழுவை முதன்முறை திறக்கும்போது, செய்திகள் நிறைய இருந்தால், எல்லாத் தலைப்புகளையும் இறக்குவதா, கடைசி 500 மட்டும் போதுமா என்று அது கேட்கும். 500 என்றே விட்டுவிட்டு, ‘இந்த சர்வரில் இரண்டு மாதம்தான் இருக்கிறது’ என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பழையன சர்வரிலேயே இருக்கும். நாம்தான் கேட்டு வாங்கியிருக்க மாட்டோம்.

இனி 1990களுக்கு வருகிறேன். அந்தக் காலச் செய்திகள் இன்று நமக்குக் கிடைப்பதற்கு எந்த சர்வரின் விதியும் காரணமில்லை. சில தனிமனிதர்களின் பிடிவாதம்தான் காரணம். டொரண்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையில் வேலை பார்த்த ஹென்றி ஸ்பென்சர், 1981 முதல் 1991 வரை வந்த செய்திகளைக் காந்த நாடாக்களில் பதித்து வைத்தார். 141 நாடாக்கள், ஏறத்தாழ இருபது லட்சம் செய்திகள். மற்ற இடங்களில் ஓரிரு வாரத்தில் அழிந்துகொண்டிருந்ததை அவர் வைத்திருந்தார். 1995இல் தொடங்கிய டேஜா நியூஸ், வருகிற செய்திகளைச் சேர்த்துத் தேடும் வசதியும் தந்தது. 2001 பிப்ரவரியில் கூகுள் அதை வாங்கியது. ஸ்பென்சரின் நாடாக்களில் இருந்தவற்றையும் வேறு சிலர் தந்தவற்றையும் சேர்த்து, அதே ஆண்டு டிசம்பரில் தன் கூகுள் குரூப்ஸ் தளத்தில் இருபது ஆண்டுத் தொகுப்பாக வெளியிட்டது. 1991 ஆகஸ்ட் 25 அன்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் என்ற இயங்குதளத்துக்கான குழுவில், தான் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்த செய்தியை இன்று நாம் படிக்க முடிவது இத்தகைய சேகரிப்பால்தான். அந்த நாடாக்களை யாராவது இடத்தை அடைக்கின்றன என்று தூக்கிப் போட்டிருந்தால்? நினைக்கவே பதறுகிறது.

2024 பிப்ரவரி 22 முதல் கூகுள் குரூப்ஸ் புதிய யூஸ்நெட் செய்திகளை ஏற்பதை நிறுத்திவிட்டது. அதற்கு முன் வந்தவற்றை அங்கே தேடலாம். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய ஆவணக் காப்பகத்திலும் குழுவாரியாகப் பெரிய கோப்புகள் உள்ளன. இறக்கிவைத்துக்கொண்டு உங்கள் கணினியிலேயே தேடலாம். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் மேல் என்று தோன்றும், தேடுபொறி தவறவிட்ட செய்தியும் அதில் அகப்படும்.

தர்மபுரியில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு அப்படித் தேடிக் கொடுத்தேன். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த அவருடைய தம்பி, சாக்.கல்ச்சர்.தமிழ் குழுவில் ஊரைப் பற்றி எழுதுவாராம். தம்பி இப்போது இல்லை. “எழுத்தாவது கிடைக்குமா தம்பி?” என்று ஆசிரியர் என்னிடம் கேட்டார். அன்று தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டினார்கள், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். தர்மபுரி, தருமபுரி என்ற ஒரே ஊரை நாலைந்து விதமாக எழுதித் தேட வேண்டியிருந்தது. சில செய்திகள் முழுதாக அகப்பட்டன. ஒன்று மட்டும் மூலம் எங்குமே இல்லை. அதற்கு வேறொருவர் எழுதிய பதில்தான் இருந்தது. அந்தப் பதிலில், வரிதோறும் முன்னால் அம்புக்குறி போட்டு, தம்பியின் பத்தி அப்படியே எடுத்தாளப்பட்டிருந்தது. தொப்பூர்க் கணவாயில் இரவு பஸ் ஏறுவதைப் பற்றிய பத்தி. ஐயா அதை வாய்விட்டுப் படித்தார். நடுவில் நிறுத்திவிட்டு, “இது அவன் நடைதான்” என்றார்.

மூலம் காணாமல் போகக் காரணங்கள் உண்டு. எழுதியவர் ‘சேமிக்க வேண்டாம்’ என்ற குறிப்பைத் தலைப்பில் சேர்த்திருக்கலாம். டேஜா நியூஸும் பின்னர் கூகுளும் அதை மதித்தன. பிறகு நீக்கக் கேட்டிருக்கலாம். சேகரித்த சர்வருக்கு அது வந்தே சேராமலும் இருந்திருக்கலாம். ஆகவே ஒரு செய்தி கிடைக்கவில்லை என்றால் அதற்கு வந்த பதில்களைத் தேடுங்கள். செய்தியின் அடையாள எண் தெரிந்தால் அதை வைத்துத் தேடுவது இன்னும் நல்லது. பதில்களின் தலைப்பில் மூலச் செய்தியின் எண் பதிவாகியிருக்கும்.

இன்று வரும் செய்திகளில் உங்களுக்கு வேண்டியது இருந்தால் சர்வர் வைத்திருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். விதிப்படி காலாவதியாவது ஒரு பக்கம். சர்வரே மூடப்படுவது இன்னொரு பக்கம். யூஸ்நெட் பிறந்த டியூக் பல்கலைக்கழகமே 2010 மே மாதத்தில் தன் நியூஸ் சர்வரை நிறுத்திவிட்டது. செய்தியைத் திறந்து, முழுத் தலைப்போடு கோப்பாகச் சேமியுங்கள். உரையை மட்டும் நகலெடுத்தால் தேதியும் அடையாள எண்ணும் போய்விடும். குழு முழுவதும் வேண்டுமென்றால் லீஃப்நோடு போன்ற சிறிய சர்வரை வீட்டிலேயே ஓட்டலாம். அதன் அமைப்புக் கோப்பிலும் காலாவதி நாள் என்ற வரி உண்டு, நிறுவிய அன்றே அதைப் பெரிய எண்ணாக மாற்றிவிடுங்கள்.