ஒரு துடுப்பும் ஓர் ஆல்பமும்

கேள்வி: ராக் பாடகர் ஸ்கிப் ஸ்பென்ஸின் ‘ஓர்’ தொகுப்பை சமீபத்தில்தான் கண்டுபிடித்தேன். 1969இல் வந்த சைகடெலிக் கண்ட்ரி ராக், அதாவது அமெரிக்க கிராமிய இசையும் மயக்கம் தரும் ராக்கும் கலந்த ரகம். ஒரே ஆள் செய்த சோலோ ப்ராஜெக்ட். மனுஷன் எந்த அவசரமும் இல்லாமல் பாடுகிறார். இதை ஏன் யாரும் கொண்டாடவில்லை? இதே ரகத்தில் வேறு என்ன கேட்கலாம்?
— ஒரு வாசகர், கரூர்

பதில்: உங்கள் கடிதம் இந்தப் பக்கத்துக்கு வந்து சேர்வதற்குள் ஆபீஸில் ஒரு சண்டை நடந்துவிட்டது. மேலே இருக்கும் மேற்கோள் குறி நான் போட்டது. நீங்கள் வெறுமனே ‘ஓர் தொகுப்பை’ என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் புரூஃப் பார்ப்பவர் சிவப்புப் பேனாவால் ‘ஓர்’ஐ அடித்து ‘ஒரு’ ஆக்கிவிட்டார். உயிரெழுத்துக்கு முன்னால்தான் ஓர் வரும், ‘தொ’வுக்கு முன்னால் வராது. இலக்கணப்படி அவர் சரி. ஆல்பத்தின் பெயர்தான் காணாமல் போய்விட்டது.

“ஐயா, அது எண் இல்லை. ஆங்கில Oar. துடுப்பு, படகு வலிக்கிற துடுப்பு” என்றேன். “அப்படியென்றால் துடுப்பு என்றே போட வேண்டியதுதானே” என்றார். இருபது வருஷப் பகை இது. ஒரு தடவை ‘ஓர் நாள்’ என்று தலைப்பு வைத்து, அவருக்குக் காட்டாமல் அச்சுக்கு அனுப்பிவிட்டேன். இன்னும் மன்னிக்கவில்லை. என் பாட்டி ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா’ என்றுதான் ஆரம்பிப்பாள், அதனால் ராஜாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது என் கட்சி. பாட்டி சொல்லலாம், பத்திரிகை சொல்லக் கூடாது என்பது அவர் கட்சி. டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

ஆனால் பாருங்கள், இந்தப் பெயர் தமிழில்தான் கனகச்சிதம். ஓர் ஆள். கிதார், பேஸ், டிரம்ஸ், குரல் எல்லாம் அவரே. 1968 டிசம்பரில் அமெரிக்காவின் நாஷ்வில்லில், கொலம்பியா என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் ஸ்டூடியோவில், மூன்று டிராக் கருவியில் பதிவு செய்தார். நாஷ்வில்லில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு ஸ்டூடியோ வாத்தியக்காரர் மேல்தான் விழ வேண்டும். ஒருவரைக்கூட அவர் கூப்பிடவில்லை.

அப்புறம் அந்த ‘ப்ராஜெக்ட்’. அந்த வார்த்தையைக் கேட்டாலே, இரவு ஒன்பதரை மணிக்கு ஸ்டேஷனரி கடை வாசலில் தெர்மகோலுக்கு நிற்கும் அப்பாக்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். எரிமலையை அப்பா வெட்டுவார், அம்மா பெயின்ட் அடிப்பார், பையன் தன் பெயரை எழுதி ஒட்டுவான். பாதி சோலோ ஆல்பங்களின் கதையும் அதுதான். முன்னட்டையில் ஒரு பெயர், பின்னட்டையில் முப்பது பெயர். ஸ்பென்ஸுடையது நிஜமாகவே பையன் செய்த எரிமலை. கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

டிரம்ஸ் அவருக்கு வந்த கதை தனி. ஆள் கிதார்க்காரர். ஜெஃபர்சன் ஏர்ப்ளேன் குழுவின் மார்ட்டி பாலின், பார்ப்பதற்கு டிரம்ஸ்காரர் மாதிரி இருக்கிறார் என்று அவரைப் பிடித்து டிரம்ஸில் உட்கார வைத்தார். 1966இல் வந்த அவர்களின் முதல் ஆல்பத்தில் வாசிப்பது இவர்தான். (எங்கள் ஆபீஸிலும் இப்படித்தான் ஆள் எடுக்கிறோம்.) அடுத்து மோபி கிரேப். 1967இல் அந்தக் குழுவின் ஆல்பத்தோடு ஐந்து சிங்கிள்களை (தனிப்பாட்டுத் தட்டுகளை) ஒரே நாளில் இறக்கியது கொலம்பியா. பந்தியில் ஐந்து பாயசத்தையும் ஒரே நேரத்தில் ஊற்றினால் எதைக் குடிப்பது? ‘ஓர்’ வந்தபோது அதே கம்பெனி மறுகோடிக்குப் போய், விளம்பரம் என்ற இலையே போடாமல் விட்டுவிட்டது. ஏன் கொண்டாடவில்லை என்ற கேள்விக்கு இதுவே போதும்.

இடையில் நடந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். 1968இல் நியூயார்க்கில், சக கலைஞரின் ஹோட்டல் அறைக் கதவைக் கோடாலியால் பிளக்கப் போனார். பெல்வியூ மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஆறு மாதம். அங்கிருந்து வெளியே வந்த பிறகுதான் நாஷ்வில். பைஜாமாவோடு மோட்டார் சைக்கிளில் போனார் என்று ஒரு கதை உண்டு. இந்த ஆல்பத்தைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப் பேர் பைஜாமாவைத் தாண்டிப் பாட்டுக்கு வருவதே இல்லை. எனக்கு அவர்கள் மேல் தீராத கோபம். ‘வெயிட்டட் டவுன்’ பாட்டில் குரலைத் தரையோடு தரையாக இறக்கி, வராத வாத்தியக்காரர்களுக்கு இடம் விட்டுப் பாடுவது போலப் பாடுகிறாரே, அதற்குக் காது வேண்டும், கேஸ் ஃபைல் வேண்டாம். கடைசிப் பாட்டு ‘கிரே/ஆஃப்ரோ’ ஒன்பது நிமிஷத்துக்கு மேல் போகிறது. அதில் முன்னால் நிற்பது டிரம்ஸும் பேஸும்தான், குரல் எங்கேயோ உள்ளே. ‘பார்ப்பதற்கு டிரம்ஸ்காரர்’ என்றார்களே, அவர் வாசிப்பதுதான்.

கொண்டாடாமலும் இல்லை, நேரம் கழித்துக் கொண்டாடினார்கள். 1999இல் டாம் வெயிட்ஸ், ராபர்ட் பிளான்ட், பெக் போன்ற பெரிய பாடகர்கள் ஒரே தொகுப்பில் இவர் பாட்டுகளைத் திரும்பப் பாடினார்கள். அதே வருஷம் ஏப்ரலில் ஸ்பென்ஸ் இறந்துபோனார். வயது 52.

வேறு என்ன கேட்கலாம் என்ற கேள்விக்கு வைத்திருந்த இடத்தைத் துடுப்பு சாப்பிட்டுவிட்டது. இந்தப் பக்கமும் புரூஃபுக்கு அவர் மேஜைக்குத்தான் போகிறது. தலைப்பு அவரே போட்டுக்கொடுத்தது. இரண்டு இடத்திலும் இலக்கணம் சரியாக இருக்கிறதாம்.