சோடா கேஸ் எங்கே போகிறது?

வீட்டு சோடா கருவி பற்றிய கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டதால், இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் நிரப்பும் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, ஒரு சிலிண்டரில் 60 லிட்டர் சோடா வரும் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. எங்களுக்குப் பாதி தாண்டுவதே பெரும்பாடாக இருக்கிறது. கடையில் குறைவாக அடைத்துத் தருகிறார்களா?
– ஒரு வாசகி

இருக்கலாம் அம்மா. ஆனால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகும் முன், சிலிண்டரைத் தராசில் வையுங்கள். சமையலறை டிஜிட்டல் தராசே போதும், இரண்டு கிலோ தாங்கினால் சரி. புதுசு வந்ததும் ஒரு எடை, தீர்ந்ததும் ஒரு எடை. இந்த வகைச் சிறு சிலிண்டரில் இருக்க வேண்டியது சுமார் 410 கிராம். அது இருந்தால் கடைக்காரர் மேல் தப்பில்லை.

அப்படியானால் கேஸ் எங்கே போகிறது? 410-ஐ 60-ஆல் வகுத்துப் பாருங்கள்: லிட்டருக்கு 7 கிராம்கூட வரவில்லை. நாக்கில் சுருக்கென்று கடிக்கும் சோடாவில் 6 முதல் 8 கிராம் கேஸ் கரைந்தே இருக்க வேண்டும். ஆகவே 60 லிட்டர் என்பது மென்மையான சோடா போட்டு, எதையும் வீணாக்காத வீட்டுக்கான கணக்கு. என் மனைவிக்கு மூக்கில் ஏறுகிற அளவு கேஸ் வேண்டும், எனக்குப் பாதி போதும். ஒரே பாட்டிலில் இருவருக்கும் சேர்த்துப் போட்டால் எனக்காகப் போன கேஸ் தண்டம். அதனால் தனித்தனிப் பாட்டில்.

பெரிய வீண் எதில் என்றால், தண்ணீரின் சூட்டில். சாதாரணக் காற்றழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் சுழி டிகிரியில் சுமார் 3.3 கிராம் கேஸை ஏற்கும். 20 டிகிரியில் 1.7 கிராம்தான். கருவிக்குள் அழுத்தம் கூடுவதால் இரண்டும் கூடும், ஆனால் இந்த விகிதம் மாறாது. குழாய்த் தண்ணீரை அப்படியே வைத்துப் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் சில்லென்ற தண்ணீர் அளவுக்கு அது ஏற்காது. மிச்சமெல்லாம் மேலே காலி இடத்தில் நிற்கும், பாட்டிலைக் கழற்றும்போது 'புஸ்' என்று போய்விடும். ராத்திரியே தண்ணீரை ஃப்ரிட்ஜில் வையுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே வித்தியாசம் தெரியும்.

அப்புறம், கருவி போடும் அந்த உறுமல் சத்தம். சோடா தயார் என்பதற்கான மணி என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதுகாப்பு வால்வு திறந்து கேஸை வெளியே விடும் சத்தம்! வந்த உடனே கையை எடுங்கள். சின்னச் சின்னதாக அழுத்தி, நடுவில் சில நொடி விட்டால் தண்ணீர் கேஸை உள்வாங்கிக்கொள்ள நேரம் கிடைக்கும். தண்ணீரைக் கோடு வரை முழுசாக ஊற்றுங்கள், குறைத்தால் மேலே காலி இடம் கூடும். சாறோ சர்க்கரைப் பாகோ பிறகுதான். முதலிலேயே கலந்தால் நுரைத்துப் பொங்கும், வால்வும் பிசுபிசுத்துப் போகும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சிலிண்டர் பலவீனமாகிவிட்டது என்று மாற்றப் போகிறீர்களே, அப்போது உள்ளே எவ்வளவு இருக்கிறது தெரியுமா? சிலிண்டருக்குள் கேஸ் பெரும்பாலும் திரவமாக இருக்கிறது. திரவம் ஒரு சொட்டு இருக்கும்வரை, 20 டிகிரி சூட்டில் அழுத்தம் சுமார் 57 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய சாதாரணக் காற்றழுத்தம்) என்றே நிற்கும். திரவம் தீர்ந்த பிறகுதான் இறங்கத் தொடங்கும். அந்த நேரத்தில் 0.6 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் நூறு கிராமுக்கு மேல் ஆவியாகவே மிச்சம். கால் பங்குக்கும் மேல்! தண்ணீரில் கரைக்கச் சில பார் அழுத்தமே போதும் என்பதால், கொஞ்சம் கூடுதல் நேரம் அழுத்தினால் அதிலும் பெரும்பகுதியை எடுத்துவிடலாம். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி, அழுத்தமானியின் முகத்தைக் காகிதத்தால் மூடிவிட்டு, "தராசைப் பாருடா" என்பார்.

கருவியைத் தொடாமல் ஊருக்குப் போய் வந்தால் சிலிண்டர் காலியாக இருக்கிறது.
– ஒரு வாசகர்

கசிவுதான். முன்பு சொன்ன தராசிலேயே இரவு ஒரு முறை, காலையில் ஒரு முறை எடை பாருங்கள், சிலிண்டரை மட்டும் தனியே கழற்றி. எடை குறைந்தால் வால்வு கோளாறு, கடையில் மாற்றிக் கேளுங்கள். குறையாவிட்டால் இணைப்பில் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். பத்து பைசாப் பொருள் அது.

பெரிய சிலிண்டர் வாங்கி ஹோஸ் போட்டுக் கருவியோடு இணைத்தால் செலவு ரொம்பக் குறையும் என்கிறார்கள். உண்மையா?
– வீட்டில் எல்லோருக்கும் சோடா ஆசை பிடித்த ஒருவர்

உண்மை. சிறு சிலிண்டருக்கு நீங்கள் கொடுக்கும் பணத்தில் கேஸின் விலை கொஞ்சம், மற்றதெல்லாம் அடைப்பதற்கும் சோதிப்பதற்கும் அனுப்புவதற்கும். ஆனால் லாபம் எல்லோருக்கும் வராது. வீணையும் சேர்த்து லிட்டருக்கு 10 கிராம் என்று வையுங்கள். தினம் ஒரு லிட்டர் குடித்தால் ஆண்டுக்கு 3.65 கிலோ, அதாவது ஒன்பது சிறு சிலிண்டர். ஒன்பது ரீஃபிலின் விலையிலிருந்து பெரிய சிலிண்டரில் அதே 3.65 கிலோவின் விலையைக் கழியுங்கள். வருவது ஓராண்டு மிச்சம். சிலிண்டரின் முன்பணம், ஹோஸ், அடாப்டர் எல்லாவற்றையும் அந்த மிச்சத்தால் வகுத்தால் எத்தனை ஆண்டில் முதல் திரும்பும் என்று தெரியும். இரண்டுக்கு மேல் போனால் நான் இறங்கமாட்டேன். விருந்தாளி வந்தால் மட்டும் சோடா போடுகிறவர் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

வாங்குவதானால், உள்ளே அடிவரை குழாய் இறங்காத சிலிண்டராகக் கேளுங்கள். குழாய் உள்ளது திரவத்தை அனுப்பும், அது கருவிக்குள் போகக் கூடாது. ஹோஸ் சிலிண்டரின் முழு அழுத்தத்தையும் தாங்குவதாக இருக்க வேண்டும். உங்கள் கருவி பழைய திருகு வகையா, புதிய சொருகு வகையா என்று பார்த்து அடாப்டர் வாங்குங்கள், ஒன்று மற்றொன்றுக்குப் பொருந்தாது. சிலிண்டரில் பொறித்த சோதனைத் தேதியையும் பாருங்கள். கெடு தாண்டியதை மலிவாகத் தந்தால், சோதனைச் செலவு உங்கள் தலையில்தான்.

நிமிர்த்தி, சங்கிலி போட்டு, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். இதை ஒப்புக்குச் சொல்லவில்லை. 5 கிலோ கேஸ் முழுதும் கசிந்தால் இரண்டரை கன மீட்டருக்கு மேல் விரியும். மூன்று மீட்டர் நீள, அகல, உயரமுள்ள மூடிய அறையில் அது சுமார் பத்து சதவீதம். நான்கு சதவீதமே உயிருக்கு ஆபத்து என்று கணக்கு. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் தரையோடு தேங்கும். படுக்கையறை கூடவே கூடாது.

என்னைக் கேட்டால், பெரிய சிலிண்டர் வந்தபின் அந்தக் கருவியே வேண்டாம். ஒரு ரெகுலேட்டர், கேஸ் பானம் வந்த பிளாஸ்டிக் பாட்டில், அதற்குப் பொருந்தும் வால்வு மூடி, இவ்வளவுதான். சில்லென்ற தண்ணீரை முக்கால் பாட்டில் ஊற்றி, பாட்டிலை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். ரெகுலேட்டரை 2 முதல் 3 பார் வைத்துக் குலுக்குங்கள். சீறும் சத்தம் நின்றால் தண்ணீர் ஏற்கவேண்டியதை ஏற்றுவிட்டது. உறுமலும் இல்லை, வெளியே விடும் கேஸும் மிகக் குறைவு. கண்ணாடிப் பாட்டிலிலோ, சாதாரணத் தண்ணீர் வரும் மெல்லிய பாட்டிலிலோ செய்யாதீர்கள்.

பெரியதிலிருந்து சிறிய சிலிண்டரை வீட்டிலேயே நிரப்புவதை வீடியோவில் பார்த்தேன். சுலபமாகத்தானே இருக்கிறது?
– ஒரு கல்லூரி மாணவர்

சுலபம்தான் தம்பி, அதுதான் பயம். சிறியதை ஃப்ரீசரில் வைத்துக் குளிரவைத்து, பெரியதைத் தலைகீழாக்கித் திரவத்தை இறக்குவார்கள். குளிர்ந்த சிலிண்டரில் 410-க்குப் பதில் 550 கிராம்கூட இறங்கிவிடும். அப்போது ஒன்றும் ஆகாது. வெளியே எடுத்து வைத்தபின் சூடு ஏற ஏறத் திரவம் விரியும், விரிய இடம் இருக்காது, அழுத்தம் தாறுமாறாக ஏறும். பாதுகாப்புத் தகடு கிழிந்து கேஸ் பீறிட்டால் அதிர்ஷ்டம். டிரை ஐஸை, அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடை, நொறுக்கி உள்ளே போடுவதும் இதே ரகம். பல நாடுகளில் இதற்கு அனுமதியும் கிடையாது. ஹோஸ் வழி இருக்கும்போது எதற்கு இந்தச் சர்க்கஸ்?

தீயணைப்புக் கருவிக் கடையிலும் வெல்டிங் கேஸ் கடையிலும் மலிவாகக் கிடைக்கிறதே?

வாயு ஒன்றாகவே இருக்கலாம். சிலிண்டருக்குள் முன்பு என்ன இருந்தது என்று யார் சொல்வது? வெல்டிங்கில் ஆர்கான் கலந்ததும் உண்டு. பானத்துக்கான தரம் என்று எழுத்தில் தருகிறவரிடம் மட்டும் வாங்குங்கள்.

சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் போட்டு வீட்டிலேயே கேஸ் செய்தால்?
– ஒரு பள்ளி ஆசிரியை

செய்யலாம். 84 கிராம் சமையல் சோடா 44 கிராம் கேஸ் தரும். ஒரு லிட்டருக்கான 10 கிராமுக்கு 19 கிராம் சோடா, 15 கிராம் அமிலம் ஆகும். இரண்டின் விலையையும் கூட்டிப் பாருங்கள், உங்கள் ரீஃபிலைவிட மலிவா என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் அழுத்தமானியும் தானே திறக்கும் வால்வும் உள்ள கருவியில் மட்டும் செய்யுங்கள். மூடிய பாட்டிலில் இரண்டையும் போடுவது வெடி வைப்பதுதான்.

கேஸ் அடைத்த விரல் நீளக் குப்பி வகை எப்படி?

ஒரு குப்பியில் 8 கிராம், ஒரு லிட்டருக்குச் சரி. கிராம் கணக்கில் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் எல்லாவற்றிலும் விலை அதிகம். பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வாங்கும்போது எழுத்தைப் படியுங்கள்: கிரீம் அடிக்கும் குப்பியும் பார்வைக்கு இதேபோல் இருக்கும், அதில் இருப்பது நைட்ரஸ் ஆக்சைடு என்ற வேறு வாயு.