ஜிகினாக் கோட்டும் ஆறிப்போன குழலும்

அன்புள்ள ஐயா,

மே மாதம் மலர்க்காட்சி பார்க்கக் குடும்பத்தோடு ஊட்டி வந்திருந்தோம். பூங்காவில் கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்து, களைத்துப்போய் விடுதிக்குத் திரும்பினால் புல்வெளியில் மேடை போட்டிருந்தார்கள். மெல்லிசைக் கச்சேரியாம். நான் இருபது வருஷமாகக் கர்நாடக சங்கீதம் கேட்பவன். டிசம்பரில் லீவு போட்டுச் சென்னைக்கு வருகிறவன். அறைக்குப் போய்ப் படுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மைத்துனி விடவில்லை.

பாடகர் போட்டிருந்த கோட்டு முழுக்க ஜிகினா. மேகம் இறங்கி மேடையே தெரியாமல் இருக்கும்போது, அது போதாதென்று புகை மெஷினையும் போட்டார்கள். தொகுப்பாளர் நிமிஷத்துக்கு ஒரு தடவை "கை குளிருதா? தட்டுங்க, சூடாயிடும்" என்றார். புல்லாங்குழல் ஆரம்பத்திலிருந்தே சுருதியில் சேரவில்லை. எல்லாம் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், ஒன்பது மணிக்கு மேல் நான் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டுக்கு "ஒன்ஸ் மோர்" என்று கத்தியது நான்தான் என்று என் மகன் சொல்கிறான்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. குளிரும் விடுமுறையும் சேர்ந்து செய்த வேலையா? அல்லது என் ரசனையே இவ்வளவுதானா? மட்டமானது என்று தெரிந்துகொண்டே ஒன்றை ரசிக்க முடியுமா? சபா நண்பர்களிடம் இதைச் சொல்லவில்லை. வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம்.

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

பெயர் போடவில்லை. கொலை ஏதும் செய்துவிடவில்லையே நீங்கள்!

முதலில் அந்தக் குழல். நீங்கள் காது உள்ளவர், அது கீழே நின்றதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். ஆனால் வாசித்தவர் மேல் பழி போடாதீர்கள். குழலின் சுருதி உள்ளே இருக்கும் காற்றைப் பொறுத்தது. காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் குறையும். பத்து டிகிரி குறைந்தால் குழல் ஒரு அரைச்சுரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடும். ஊத ஊதச் சூடேறிச் சரியாகும்தான். ஆனால் மெல்லிசையில் குழலுக்குக் கிடைப்பது பல்லவிக்கு முன்னால் நாலு வரி, இடையிசையில் நாலு வரி. மற்ற நேரம் மடியில் கிடந்து ஆறும். பக்கத்தில் இருக்கும் கீபோர்டுக்குக் குளிராவது வெயிலாவது, அது நின்ற இடத்திலேயே நிற்கும். மலையில் குழல் வாசிப்பவரின் பாடு அது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. ஒரு கதை இருக்கிறது. கொஞ்சம் நீளம்.

நான் இருப்பது கோத்தகிரிப் பக்கம். வீட்டுக்கு எதிரே பள்ளம், பள்ளத்துக்கு அந்தப்பக்கம் ஒரு டீ எஸ்டேட், அதன் லயன் வீடுகள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள். சில வருஷங்களுக்கு முன்னால் பொங்கல் முடிந்த மறுநாள் அங்கே ஆர்க்கெஸ்ட்ரா வைத்தார்கள். நான் ஒரு புத்தகத்துக்கு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை அனுப்பியாக வேண்டும். பகலில் அந்த லயனில் அடிதடியே நடந்தாலும் எனக்குக் கேட்காது. ஜனவரி இரவில் கதை வேறு. தெளிந்த வானம், பள்ளத்தில் குளிர்காற்று தேங்கி, அதற்கு மேலே கொஞ்சம் சூடான காற்று மூடி போட்ட மாதிரி நிற்கும். மேலே போக வேண்டிய ஒலி வளைந்து தரைக்கே திரும்பிவிடும். ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி ஒருவர் "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" என்றால் என் ஜன்னலோரம் நின்று சொல்வது போலக் கேட்டது. ஒன் டூ த்ரீயை முக்கால் மணி நேரம் சொன்னார்கள்.

எட்டரைக்குப் பொறுமை போய்விட்டது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லலாம் என்று கிளம்பினேன். எங்கள் பக்கம் இருட்டினால் தேயிலைக்குள் தனியாகப் போக முடியாது, கரடி வரும், காட்டெருமை வரும். பக்கத்து வீட்டுத் தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, டார்ச் அடித்தபடி, என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தபடி போனேன். கடுமையாகத்தான் பேசுவதாக இருந்தேன்.

போய்ச் சேர்ந்ததும் விழாக் கமிட்டிப் பெரியவர் ஓடி வந்தார். "வாங்க சார், வாங்க. நீங்களே வந்துட்டீங்களே!" முன்வரிசையில் யாரையோ எழுப்பிவிட்டு எனக்கு நாற்காலி. கையில் இஞ்சி டீ. நான் வாயைத் திறப்பதற்குள் மைக்கில், "நமது விழாவைச் சிறப்பிக்க வருகை தந்திருக்கும் எழுத்தாளர் சார் அவர்களுக்குப் பொன்னாடை…" தோளில் விழுந்தது பொன்னாடை இல்லை, டர்க்கித் துண்டு. அந்தக் குளிருக்கு அதுதான் உதவியது. துண்டைப் போர்த்திக்கொண்டு சத்தத்தைக் குறையுங்கள் என்று எப்படிச் சொல்வது? உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் ஊட்டி மேடையில் இருந்த எல்லாம் இங்கேயும் இருந்தன. ஜிகினாக் கோட்டு உண்டு, ஆனால் அதற்குள்ளே ஸ்வெட்டர், கழுத்தில் மஃப்ளர். பாடகர் வாயைத் திறக்கும்போதெல்லாம் புகை வந்தது. முதலில் பிள்ளையார் பாட்டு, பிறகு மாரியம்மன், பிறகு மாதாவுக்கு ஒன்று, அல்லாவுக்கு ஒன்று. எந்த ஊர் ஆர்க்கெஸ்ட்ராவும் இந்த வாசலில் நுழைந்துதான் உள்ளே வரும். அப்புறம் பழைய டூயட்டுகள். 'அச்சு அசல்' என்பதுதான் இவர்கள் எதிர்பார்க்கும் உச்சபட்சப் பாராட்டு என்பதால், இசைத்தட்டில் பாடகர் விட்ட பெருமூச்சைக்கூட இவர் அதே இடத்தில் விட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை.

குழல்காரர் என் நாற்காலிக்கு நேர் எதிரே. ஐம்பது வயதிருக்கும், குரங்குக் குல்லாய். வாசிக்காத நேரத்தில் குழலை ஸ்வெட்டருக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொள்வார், தெர்மாமீட்டர் வைத்த பிள்ளை மாதிரி. தன் முறை வர இரண்டு வரி இருக்கும்போது வெளியே எடுத்து, துளைகளை எல்லாம் மூடிக்கொண்டு, சத்தம் வராமல் உள்ளே வெறும் மூச்சை விடுவார். அப்படியும் மூன்றாவது டூயட்டில் சுருதி விலகியது. கீபோர்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். முறைக்கவில்லை. பாட்டு முடிந்து தொகுப்பாளர் "அன்பளிப்பு ஐந்நூற்று ஒன்று" என்று பட்டியல் வாசிக்கும் நேரத்தில், கீபோர்டில் ஏதோ பொத்தானை அழுத்தி அழுத்தி மொத்தச் சுருதியையும் நூலளவு இறக்கினார். குழல்காரர் மெல்ல ஒரு சுரம் கொடுத்தார். இன்னும் கொஞ்சம் இறக்கினார். கிட்டார்காரர் அதைக் கேட்டுத் தன் தந்திகளைத் தளர்த்திக்கொண்டார். மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மனிதரின் குளிருக்காக மேடையே இறங்கி வந்துவிட்டது.

இந்தக் கதையைப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். 'பாருங்கள், மட்டம் என்று நினைத்த இடத்தில் எவ்வளவு நுணுக்கம்' என்று முடிப்பேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும்தான் உறைத்தது, நான் நேர்மையாகச் சொல்லவில்லை. குழலை நான் கவனித்தது மூன்றாவது டூயட்டில். இரண்டாவதிலேயே என் கால் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. பிடித்தது முதலில், காரணம் பிறகு. கௌரவமான ஒரு காரணம் கிடைத்ததும் அதை முன்னால் தூக்கி வைத்துக்கொண்டேன். நீங்களும் அதையே செய்கிறீர்கள், கொஞ்சம் வேறு விதமாக. குளிர், விடுமுறை, மைத்துனி என்று ஆள் தேடுகிறீர்கள். சபா கேன்டீனில் கீரை வடையும் காபியும் சாப்பிட்டுவிட்டு வந்து கேட்ட தோடி ராகம் நன்றாக இருந்தால், அதை வடைக் கணக்கில் எழுதுகிறோமா? பாடினவர் கணக்கில்தானே எழுதுகிறோம். ஜிகினாக் கோட்டுக்காரருக்கு மட்டும் ஏன் அந்தக் கணக்கைத் திறக்க மாட்டேன் என்கிறீர்கள்?

உங்கள் சபாவில் இருப்பவர்கள் வந்தே தீர்வது என்று வந்தவர்கள். டிக்கெட் வாங்கினவர்கள், ராகம் பிடிபடும் வரை காத்திருப்பார்கள். எஸ்டேட் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அந்தச் சலுகை கிடையாது. இரண்டு பாட்டு சரியில்லை என்றால் பின்வரிசை எழுந்து வீட்டுக்கு, டிவி சீரியலுக்குப் போய்விடும். அதனால் அந்தக் கீபோர்டுக்காரரின் கண் பாதி நேரம் கூட்டத்தில்தான் இருந்தது. கம்பளி போர்த்திய பெண்கள் பக்கம் அசைவு குறைந்ததும் பாட்டு லிஸ்டைத் தூக்கிப் போட்டுவிட்டு விரலால் ஏதோ காட்டுவார். எல்லோரும் வேறு பாட்டுக்குப் போவார்கள். அது ஒரு தொழில். அந்தத் தொழில் உங்கள் மேலும் நடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பிடிக்காததைப் பிடித்தது என்று சொல்லச் சொல்லவில்லை. பாடகியைச் சீண்டி அந்தத் தொகுப்பாளர் அடித்த இரட்டை அர்த்த ஜோக்குகள் எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்காது. பாடகிக்கும் பிடிக்கவில்லை, முகத்தில் தெரிந்தது. அதற்கெல்லாம் 'மக்கள் கலை' என்று சப்பைக்கட்டுக் கட்டுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. கோட்டு வேறு, இது வேறு.

ஒன்பதரை வாக்கில் ஒரு பாட்டி துண்டுச்சீட்டு அனுப்பினார். சிலோன் பாட்டு வேண்டுமாம். அந்த லயனில் பாதிப் பேர் அங்கிருந்து வந்த குடும்பங்கள். இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர்களில் நிறையப் பேர் நீலகிரிக்கு வந்தார்கள், அவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. பாட்டுகளும் கூடவே வந்தன. மேடையில் யாருக்கும் அந்தப் பாட்டு தெரியவில்லை. பாட்டியை மேலே ஏற்ற முடியாது, முழங்கால் வலி. மைக்கைக் கீழே கொடுத்தார்கள். பாட்டி இரண்டு வரி பாடினார். அது பைலா, சிலோனின் ஆட்டப் பாட்டு வகை, ஆறு எட்டுத் தாளம். ஆக்டோபேட் என்ற மின்தாளக் கருவி வாசித்த பையனுக்குப் பதினெட்டு வயதுகூட இருக்காது, இரண்டாவது வரியிலேயே பிடித்துவிட்டான். மூன்றாவது வரி பாட்டிக்கு மறந்துவிட்டது. அதனால் என்ன, முதல் இரண்டையே பாடினார். மறுபடி பாடினார். பத்துப் பதினைந்து பேர் எழுந்து இடுப்பில் கை வைத்து ஆட ஆரம்பித்தார்கள். தொகுப்பாளர் மைக்கைக் கேட்டுக் கையை நீட்டினார், பாட்டி கொடுக்கவில்லை. "பாட்டி, அடுத்த பாட்டு இருக்கு பாட்டி." பாட்டி மைக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். ஐந்தாறு நிமிஷம் அந்த இரண்டு வரிதான். சபையில் நிரவல் கேட்டுப் பழகியவர் நீங்கள், ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் பாடுவதன் சுகம் உங்களுக்குத் தெரியாதா?

தேயிலைத் தோட்டத்துக்கும் மேடைப் பாட்டுக்கும் உறவு பழையது, இதையும் சொல்லிவிடுகிறேன். 1958இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்காகத் தோட்டத் தொழிலாளர்கள் நடுவே பாடியவர் பாவலர் வரதராஜன். அவருடைய குழுவில் பாடியும் வாசித்தும் வளர்ந்தவர்தான் அவர் தம்பி இளையராஜா. மேடை என்னவோ இதே மாதிரி மேடைதான்.

பத்து மணிக்கு ஏட்டு வந்தார். பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் வருஷத்து விதி. வருஷத்தில் பதினைந்து நாளுக்கு மிகாமல் அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம் என்ற பிரிவு கமிட்டிப் பெரியவருக்கு மனப்பாடம். ஆனால் அன்றைய நாள் அதில் வருமா என்று கேட்டால் பதில் இல்லை. நானும் எழுந்து போனேன். துண்டு இன்னும் தோளில். "ஒரே ஒரு பாட்டு சார், முடிச்சிருவாங்க" என்றேன். கூட வந்த தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். இன்றைக்கும் டீக்கடையில் அதைச் சொல்லிச் சிரிக்கிறான். மெய்ப்பு இரண்டு நாள் தாமதமாகத்தான் போனது. அந்தப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் பிழைகள் கொஞ்சம் அதிகம், வாசகர்கள் மன்னிக்கவும்.

சபா நண்பர்களிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். எனக்கு வேறொரு குறை. இவ்வளவு எழுதியவர், எந்தப் பாட்டுக்கு "ஒன்ஸ் மோர்" கேட்டீர்கள் என்பதை மட்டும் எழுதவில்லை. மகனைக் கேட்டாவது எழுதுங்கள். பெயர் போட மாட்டேன்.