கார்க் மாவட்டத்தில் கடைசிக் காலத்தைக் கழித்த பிரபலங்கள் யார்?

அயர்லாந்தின் கார்க் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஜார்ஜ் பூல். இன்றைய கணினிகளுக்கு அடிப்படையான தர்க்கக் கணிதத்தைத் தந்த ஆங்கிலேயர். 1849 முதல் அங்கே கணிதப் பேராசிரியர். 1864இல் கொட்டும் மழையில் சுமார் 3 மைல் நடந்து கல்லூரிக்குப் போய், ஈர உடையோடே பாடம் நடத்தினார். காய்ச்சல் முற்றி, டிசம்பர் 8 அன்று 49 வயதில் இறந்தார். நனைந்ததால் வந்த நோயை நனைத்தே தீர்க்கலாம் என்று மனைவி ஈரத் துணி போர்த்தியதாக ஒரு கதை உண்டு. அதை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

அப்புறம், புக்கர் பரிசு வென்ற நாவலாசிரியர் ஜே. ஜி. ஃபாரெல். 1979இல் லண்டனை விட்டு அங்கே கடலோரம் குடியேறிய சில மாதங்களிலேயே, பாறையில் நின்று மீன்பிடித்தவரைக் கடல் கொண்டுபோனது. வயது 44. இளம் வயதில் வந்த போலியோவால் கைகள் வலுவிழந்தவர், எப்படி நீந்துவார்?

அயர்லாந்து விடுதலைப் போராட்டத் தலைவர் மைக்கேல் காலின்ஸையும் சிலர் சேர்ப்பார்கள். 1922இல் கார்க்கில்தான் சுடப்பட்டார். ஆனால் அது பயணத்தின் நடுவே நடந்த பதுங்கித் தாக்குதல்.